மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெயிடும் மரபு: ஓர் அறிமுக ஆய்வு

ஆய்வெல்லை

வடக்கே ராயப்பேட்டையை ஒட்டிய ஜி.பி. ரோடு, தெற்கே திருவான்மியூர், மேற்கே மாம்பலம் ரயில் நிலையம், கிழக்கே வங்காள விரிகுடா. இந்த நான்கெல்லைக்குள் ஓடுகிற, நிற்கிற, மழைநாளில் உதைக்க உதைக்கக் கிளம்பாத மோட்டார் சைக்கிள்கள் அனைத்தும் இவ்வாய்வுக்கு உட்பட்டவை. ஸ்கூட்டர்கள் விலக்கப்படுகின்றன. இக்காலத்து ஸ்கூட்டருக்குள் சுற்றுவது ரப்பர் பெல்ட். அதற்கு எண்ணெய் இட்டால் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே உறுமும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். சேர்க்கப்படுகிறது. தண்ணீர் கேன், வாழைத்தார், துணி மூட்டை, சில சமயம் மூன்றும் ஒருங்கே ஏறிய அந்த வண்டியின் அடியிலும் ஒரு செயின் ஓடுகிறது. அதை அதன் உரிமையாளரே பார்த்திருப்பாரா என்பது ஐயத்துக்குரியது.

ஆய்வு வினா எளியது. சனிக்கிழமை ஆண்களுக்கு, வெள்ளிக்கிழமை பெண்களுக்கு, தீபாவளியன்று விடியுமுன் எல்லாருக்கும் என்று நாள் வகுத்து, எண்ணெயைக் காய்ச்சி அதில் மிளகோ சீரகமோ போட்டு, ஊறும் நேரம் குறித்து, குளித்த பகலில் தூங்கக் கூடாது என்பதுவரை சட்டம் செய்த சமூகம் இது. செயினுக்கு எண்ணெய் வைக்கும்போது மட்டும் இது ஏன் அத்தனையையும் மறந்துவிடுகிறது? தலைக்கு முதலில் எண்ணெய், பிறகு சீயக்காய். செயினுக்கு முதலில் சீயக்காய், பிறகுதான் எண்ணெய். இந்த வரிசை மாற்றம் உணரப்படாததே இவ்வட்டாரத்துக் கடகடச் சத்தம் அனைத்துக்கும் மூலம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

முன்னோர் மொழிந்தவை

சங்க இலக்கியத்திலிருந்து தொடங்காத கட்டுரையில் எந்த வழிகாட்டியும் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே புறநானூறு. அதன் 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர்கள் நெடுவழிக்குக் கிளம்புமுன் மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போனதைச் சொல்கிறார். திருவள்ளுவர் 667ஆம் குறளில் பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி எத்தனை முக்கியம் என்று காட்டுகிறார். இருவரும் அச்சைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். இருவரும் அதற்கு மையிடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது. வைக்கோல் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து அச்சில் தடவுவது நம் ஊர் வண்டிக்காரர்களின் அன்றாட வேலை. மைக்குழாய் வண்டியிலேயே தொங்கும். வண்டி கீச்சிட்டால் ஊரார் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற வெட்கமும் கூடவே தொங்கியிருக்கும். அந்த வெட்கம் நம் காலத்தில் முற்றாக மறைந்துவிட்டது. கச்சேரி ரோட்டில் கீச்சிட்டுக்கொண்டு போகிற வண்டியை இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; கீச்சிடாமல் போனால்தான் மின்சார வண்டியோ என்று பார்க்கிறார்கள்.

செயினையே தமிழன்தான் கண்டுபிடித்தான் என்று இந்த இடத்தில் நிறுவிவிடலாம். மேடை கிடைத்தால் கைதட்டும் கிடைக்கும். ஆனால் சான்றுகள் ஒத்துழைக்கவில்லை. லியனார்டோ டா வின்சி செயின்களை வரைந்து பார்த்திருக்கிறார். அந்தக் குறிப்பேடு மாட்ரிட் தேசிய நூலகத்தில் தவறான அலமாரியில் கிடந்து 1965இல்தான் மறுபடி அகப்பட்டது. சர்வீஸ் புக்கைத் தொலைத்தவர்கள் இதில் ஆறுதல் கொள்ளலாம். இன்று நம் வண்டியில் ஓடுகிற ரோலர் செயினின் தந்தை ஹான்ஸ் ரெனால்ட்; சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் செய்தவர். ஆண்டு 1880. அதற்குப் பிறகு செயினின் அடிப்படை மாறவே இல்லை. இரண்டு பக்கப் பிளேட், நடுவே ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கும் மேல் உருள ஒரு ரோலர். மோட்டார் சைக்கிளில் மற்ற எல்லாமே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. செயின் மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த தகவலைப் படிப்பவர்கள் தங்கள் வண்டியின் இடப்பக்கம் குனிந்து ஒருமுறை மரியாதையாகப் பார்க்க வேண்டும். 1903 டிசம்பரில் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில் எஞ்சின் ஒன்று, புரொபெல்லர் இரண்டு. எஞ்சினின் சுழற்சியைப் புரொபெல்லர்களுக்குக் கொண்டுபோனது செயின். அதைச் செய்து தந்தது இண்டியானாபொலிஸ் நகரத்துக் கம்பெனி. பிற்காலத்தில் டைமண்ட் செயின் என்று பெயர் பெற்றது அதுதான். 1960இல் அதன் கூட்டில் நம் அம்பத்தூரில் டி.ஐ. டைமண்ட் செயின் தொடங்கியது. கோயம்புத்தூரில் எல்.ஜி. பாலகிருஷ்ணன் குழுமம் ரோலான் செயின் செய்கிறது. 1955இல் ராயல் என்ஃபீல்டோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்ததால் புல்லட் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. ஆக, வடக்கிலும் மேற்கிலும் பாடுபட்டுச் செய்ததைத் தெற்கில் நாம் துருப்பிடிக்க விடுகிறோம்.

எண்ணெய் எங்கே போக வேண்டும்

இனி வருவது கணக்கு. கணக்கு வேண்டாம் என்பவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம். ஆனால் இக்கட்டுரை சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது.

100 சிசி, 125 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஓடுவது 428 என்ற வகைச் செயின். அதில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. பின் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். பின் ஸ்ப்ராக்கெட் எனும் பல்சக்கரத்தில் 42 பல், செயினில் 106 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் செயின் 200 சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது நிமிர்ந்து, பின் ஸ்ப்ராக்கெட்டில் மறுபடி மடங்கி, மறுபடி நிமிர வேண்டும். நான்கு அசைவு. மயிலாப்பூரிலிருந்து பாண்டி பஜார் போய்வந்தால் சுமார் 10 கி.மீ.; அப்படி ஐம்பது நடை போனால் 500 கி.மீ. அதற்குள் ஒவ்வொரு மூட்டும் நான்கு லட்சம் தடவைக்கு மேல் அசைந்திருக்கும். நம் முழங்காலுக்கு இந்த வேலை கொடுத்திருந்தால் என்றோ படுத்திருக்கும்.

இந்த அசைவு நடப்பது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இண்டில். தேய்வதும் அங்கேதான். செயின் நீண்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்லும்போது இரும்புப் பிளேட் இழுபட்டு நீண்டதாக நாம் நினைக்கிறோம். பிளேட் எங்கும் நீளவில்லை. உள்ளே பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. மூட்டுக்குக் கால் மில்லிமீட்டர் போதும். 106 மூட்டில் சேர்ந்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல். அது மொத்த நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு. பொதுவாகச் செயினை மாற்றச் சொல்லும் அளவு.

ஆகவே எண்ணெய் போக வேண்டிய இடம் அந்த இண்டு. அடுத்தபடியாக ரோலருக்கு அடியில். இவ்விரண்டையும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. இதிலிருந்து பெறப்படும் தேற்றம்: செயினில் கண்ணுக்குத் தெரிகிற எண்ணெய் அவ்வளவும் வீண். துரு பிடிக்காமலிருக்க மேலே மெல்லிய ஈரம் போதும். அதற்கு மேல் பளபளவென்று சொட்டுகிற எண்ணெய் மண்ணைப் பிடிக்கும். மண்ணும் எண்ணெயும் குழைந்தால் சாணை பிடிக்கும் பசை. அது செயினின் உள்ளே புகுந்து தேய்க்கும். எண்ணெய் விட்ட பின் சத்தம் அடங்குவதால் செயின் குணமாகிவிட்டதாக உரிமையாளர் மகிழ்கிறார். சத்தம் அடங்கியது உண்மை. தேய்மானம் இப்போது சத்தமில்லாமல் நடக்கிறது.

ஓ-ரிங் செயின் என்பது இந்த வாதத்தைத் தொழிற்சாலையே ஒப்புக்கொண்டதற்குச் சான்று. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே முதலிலேயே கிரீஸை வைத்து, இருபுறமும் ரப்பர் வளையம் போட்டு மூடிவிட்டார்கள். நம்மை நம்பவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. நாமோ அந்த ரப்பரைப் பெட்ரோலால் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, வாட்டர் வாஷ் கடையில் பீச்சாங்குழலை அரையடி தூரத்தில் பிடித்துத் தண்ணீர் ஏற்றி, நம்பாதது சரியே என்று அவர்களுக்கு நிரூபித்துக்கொண்டிருக்கிறோம்.

அழுக்கின் நிலவியல்

எல்லா அழுக்கும் ஒன்றல்ல. பெசன்ட் நகரில் செயினைக் கெடுப்பது உப்பு. எலியட்ஸ் பீச்சில், 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட்டின் நினைவு வளைவு நிற்கிறது. உப்புக்காற்றில் அதன் நிலையே மோசமாகி மாநகராட்சி சீர்செய்ய வேண்டியிருந்தது. பக்கத்தில் ஐஸ்க்ரீம் சாப்பிட நிறுத்திய வண்டியின் செயின் எம்மாத்திரம்? கடலை ஒட்டிய தெருக்களில் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் போதும், செயின் காவி உடுத்தித் துறவு பூண்டிருக்கும்.

தியாகராய நகரின் அழுக்கு வரலாற்று முக்கியத்துவம் உடையது. 1920களில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரியை வற்றவைத்து அந்தப் பரப்பில் எழுப்பிய நகரம் அது. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலை பனகல் பார்க்கில் தோண்டத் தொடங்கியபோது நூறாண்டாக அமைதியாகக் கிடந்த மண் வெளிச்சத்துக்கு வந்தது. உஸ்மான் ரோட்டில் போகிறவரின் செயினில் ஒட்டுவது வெறும் தூசி அன்று, ஏரியின் வண்டல் என்று கொள்வதில் ஆய்வாளருக்கு ஓர் இன்பம் இருக்கிறது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அதே மெட்ரோ, அதே தடுப்புத் தகரம். அங்கே மழை பெய்தால் சேறு, காய்ந்தால் புழுதி. செயினுக்கு இரண்டும் நாள் வித்தியாசத்தில் கிடைக்கின்றன. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வண்டிகள் முழுகிக் கிடந்தன. அப்போது எஞ்சினுக்காக அழுதவர்கள் உண்டு, சீட்டுக்காக அழுதவர்கள் உண்டு. செயினுக்காக யாரும் அழுததாகத் தகவல் இல்லை.

இரு மரபுகள்

வைணவத்தில் சரணாகதி குறித்து வடகலையார் குரங்குக் குட்டியையும் தென்கலையார் பூனைக் குட்டியையும் எடுத்துக்காட்டுவார்கள். குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டி சும்மா கிடந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும். செயின் பராமரிப்பாளர்களும் இவ்வாறே பிரிகிறார்கள்.

பூனை மரபினர் பெரும்பான்மையோர். வண்டியை சர்வீஸில் விட்டுவிட்டு, செயினுக்கு நற்கதி கிடைத்திருக்கும் என்று நம்பி எடுத்துவருவார்கள். பில்லில் செயின் கிளீனிங் என்று ஒரு வரி இருக்கும். செயினில் அதற்கான தடயம் சில சமயம் இருக்கும். குரங்கு மரபினர் ஞாயிற்றுக்கிழமை காலை பழைய பனியன், தேய்ந்த டூத் பிரஷ், தலை வெட்டிய தண்ணீர் பாட்டில் சகிதம் பார்க்கிங்கில் குந்தியிருப்பார்கள். இவர்களுக்குள் உட்பிரிவு: மண்ணெண்ணெய்க் கட்சி, டீசல் கட்சி, ஸ்ப்ரே கட்சி. மண்ணெண்ணெய்க் கட்சியே மூத்தது. நம் பக்கத்தில் கிருஷ்ணாயில் என்றே சொல்வார்கள். ரேஷன் கடையில் நீலநிறத்தில் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அதன் பொற்காலம். வீட்டுக்கு வீடு கேஸ் வந்தபின் அந்தக் கட்சி நலிந்துவிட்டது. இப்போது மண்ணெண்ணெய் வைத்திருப்பவர் தெருவில் ஒரு செல்வாக்கு மிக்க மனிதர். டீசல் கட்சிக்கோ பங்க்கில் பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினால் ஊற்ற மறுக்கிறார்கள் என்ற குறை தீராதது. ஸ்ப்ரே கட்சியினர் இளைஞர்கள். அரை லிட்டர் டப்பாவுக்குச் சில நூறு ரூபாய் கொடுத்தபின் அதில் பாதியை டயர் மேல் அடித்துவிட்டு, வழுக்கும் முதல் திருப்பத்தில் தியானம் கற்றுக்கொள்கிறவர்கள்.

கள ஆய்வு

மந்தைவெளியில் பஸ் டிப்போவுக்குக் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் நடைபாதை மெக்கானிக் ஒருவர். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் தன் பழைய ஹீரோ ஹோண்டாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“ஏம்ப்பா, செயின் சத்தம் போடறது. ரெண்டு சொட்டு எண்ணெய் விடேன்.”

மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே செயின் கவரில் இருந்த ரப்பர் மூடியை விரலால் நெம்பி எடுத்து, உள்ளே ஆள்காட்டி விரலை விட்டு வெளியே எடுத்தார். விரல் நுனியில் கோலிக்குண்டு அளவுக்குக் கருப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலோடு சேர்த்து நசுக்கினார். நறநறவென்றது, எனக்கே கேட்டது.

“கேட்டுதா சார்? மணலு. இதுக்கு மேல எண்ணெய் உட்டா அதும் போய் இதோட சேந்துக்கும். கவரக் கழட்டணும், கழுவணும். ஒரு மணி நேரம் ஆவும்.”

“எண்ணெய் விட்டா சத்தம் நிக்குமோல்லியோ?”

“நிக்கும் சார். அப்பறம் செயினும் நிக்கும்.”

பெரியவர் யோசித்தார். கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டியிருந்தது. எண்ணெயே விடச் சொன்னார். மெக்கானிக் எண்ணெய்க் குப்பியை எடுத்துத் துளை வழியே இரண்டு பீச்சு பீச்சினார், காசு வாங்கவில்லை. வண்டி சத்தமில்லாமல் போயிற்று. அது மூலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆறு மாசத்துல செயின் செட்டு” என்றார், யாரிடமும் இல்லாமல்.

செயின் செட் என்பது செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தது. தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் பல் செயினைத் தின்னும். ஆகவே மூன்றையும் ஒன்றாகவே மாற்றச் சொல்வார்கள். வாங்க வேண்டிய இடம் ஜி.பி. ரோடு. நீள்நெடுக உதிரிபாகக் கடைகள். கவுன்டரில் வண்டியின் பெயரைச் சொல்லி வாய் மூடுமுன் பெட்டி வந்து விழும். செயின் நிலையை அறிய அங்கே சொல்லும் சோதனை எளிது. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து வெளிப்புறம் இழுத்துப் பார்க்க வேண்டும். பாதிப் பல் தெரிந்தால் பெட்டியை வாங்கிக்கொண்டு போகலாம், தெரியாவிட்டால் வெறுங்கையோடு. பழைய வகை லாக் செயின் வாங்குகிறவருக்கு ஒரு குறிப்பு: லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்று போகும். அது எப்போதும் திரு.வி.க. பாலத்தின் நடுவில்தான் கழலும்.

சேலையும் செயினும்

இவ்வாய்வின் போக்கில் எதிர்பாராமல் வெளிப்பட்ட உண்மை இது. நம் ஊரில் சேலை கட்டிய பெண்கள் பின் சீட்டில் இடப்பக்கம் கால் போட்டு ஒருபக்கமாக உட்காருகிறார்கள். நம் வண்டிகள் பெரும்பாலானவற்றில் செயினும் இடப்பக்கமே. மான்செஸ்டரும் இண்டியானாபொலிஸும் இப்படி ஒரு சந்திப்பைக் கனவிலும் நினைத்திருக்காது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி நினைத்தது: பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்கப் படி வேண்டும், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும், துணி சிக்கக் கூடாது. சேலை கார்டு என்று நாம் சொல்லும் கம்பிச் சட்டம் இந்த விதிக்காகவே நிற்கிறது.

குடும்ப வண்டிகளில் செயினை முழுதாக மூடிய தகரப் பெட்டி வைப்பதற்கும் இதே முந்தானைதான் காரணமாயிருக்க வேண்டும். அதனால் செயினுக்குக் கிடைத்த நன்மை பெரிது: மழை படாது, மண் அதிகம் ஏறாது, எண்ணெய் பல நாள் நிற்கும். அதே பெட்டியால் வந்த கேடு, செயின் பார்வையிலிருந்து மறைந்தது. பார்வையில் படாததை இவ்வட்டாரத்தில் யாரும் துடைப்பதில்லை. பிறகு ஸ்போர்ட்ஸ் பைக்குகள் வந்தன. செயின் திறந்தவெளிக்கு வந்தது, தங்கநிறத்தில்கூட வந்தது. லாயிட்ஸ் ரோட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது தங்கச் செயினில் கறுப்பு மணல் அப்பியிருப்பதைக் காணலாம்.

ஆடையில் பட்ட கிரீஸ் கறை பற்றிய அறிவு மட்டும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறது. முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு போட வேண்டும். வெறும் தண்ணீர் பட்டால் கறை பரவும். இதை எந்த வீட்டிலும் சொல்லித் தருவார்கள். கறையைப் போக்கும் கலை இத்தனை வளர்ந்திருப்பதால்தான் கறை வராமல் தடுக்கும் கலை வளரவில்லை போலும்.

ஆயுத பூஜையில் செயினின் இடம்

அண்ணாசாலைக்கு வடக்கே பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயில். எல்லைக்குச் சற்று வெளியே என்றாலும் எல்லைக்குள் வாங்கிய புது வண்டிகள் பல முதலில் போகுமிடம் அதுதான். வண்டிக்கு மாலை, ஹெட்லைட்டில் சந்தனம், ஹாண்டில்பாரில் எலுமிச்சை, டயருக்கு அடியில் இன்னும் எலுமிச்சை. ஆயுத பூஜையன்று இதே மரியாதை வீட்டு வாசலில் நடக்கிறது. டேங்குக்குப் பொட்டு, கண்ணாடிக்குப் பொட்டு, நம்பர் பிளேட்டுக்குப் பொட்டு. தொழிலுக்கு உதவும் கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாள் அது. எஞ்சினின் உழைப்பு முழுவதையும் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரே கருவிக்குப் பொட்டு வைத்தவரை இந்த ஆய்வில் காண முடியவில்லை. பூசணிக்காய் உடைத்த சிதறல் மட்டும் அதன் மேல் தெறிக்கிறது. சுண்ணாம்பும் குங்குமமும் கலந்த அந்த நீர், செயினுக்கு நல்லதல்ல.

சூத்திரமும் உரையும்

வண்டிகளோடு தரும் கையேடுகள் பலவும் சுருக்கமாகச் சொல்வதைப் பழைய முறையில் சூத்திரமாக்கி உரை எழுதினால் இளைய தலைமுறைக்குப் பயன்படும்.

ஐந்நூறு கிலோமீட்டர் கடந்துழிச் செயினைக் கழுவி எண்ணெய் இடுக.

என்பது சூத்திரம். இஃது என் கூறிற்றோ எனின், செயின் பேணுமாறு கூறிற்று. ‘கடந்துழி’ என்றமையான் சத்தம் வந்துழி அன்று என்பது பெறப்படும். மழையில் நனைந்த செயினுக்குக் கிலோமீட்டர்க் கணக்கு இல்லை, அன்றே செய்க. ‘கழுவி’ என்னும் வினையெச்சம் ‘இடுக’ என்னும் வினைகொண்டு முடிந்தது. ஆகலின் கழுவாது இடுதல் இலக்கண வழு. கழுவுதல் மண்ணெண்ணெயாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் என்க. ஓ-ரிங் உள்வழிப் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் விலக்கப்பட்டன. கழுவியபின் துணியால் துடைத்து உலரவிடுதல் இடைநிலை. அதனை விடுத்தால் எண்ணெய் ஒட்டாது.

‘எண்ணெய்’ என்றது பொதுப்பெயர், ஈண்டுத் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலையும் செயினுக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயையும் குறித்தது. தேங்காய் எண்ணெய் நீர்த்துத் தெறிக்கும், நாளடைவில் பிசினாகும். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் கரியும் இரும்புத் தூளும் சுமந்து வரும். வடை சுட்ட எண்ணெய்க்கு எறும்பு வரும். இம்மூன்றும் இவ்வட்டாரத்தில் வழங்கினும் கொள்ளற்க.

‘இடுக’ என்றார், ‘ஊற்றுக’ என்றாரல்லர். இடும் இடம் செயினின் கீழ்ப்பகுதி, உட்புறம். சக்கரம் சுற்றச் சுற்ற எண்ணெய் தானே வெளிநோக்கிப் போகும். வண்டி ஓடிவந்த இளஞ்சூட்டில் இடுதல் சிறப்பு. இட்டபின் சிறிது நேரம் விட்டு மிகுதியைத் துடைக்க. துடைக்காதார்க்குச் சட்டையின் முதுகு சான்று.

சூத்திரத்தில் கூறாது விட்டது ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைக் கையால் சுற்றுக. எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியைச் செயினில் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று செய்து காட்டுவார் உளர். துணி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் கூடவே விரலும் போகும். போன விரல்கள் உண்மையாகவே இருக்கின்றன. இந்த ஒரு பத்தியில் மட்டும் நகைச்சுவை இல்லை.

நிறுவனத் தடைகள்

அறிவு இருந்தும் இடமில்லை என்பது இவ்வட்டாரத்தின் தனிச்சிக்கல். தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் ஆனபோது தரைத்தளம் முழுவதும் பார்க்கிங் ஆயிற்று. பார்க்கிங் தரையில் வழவழப்பான டைல் வந்தது. டைல் வந்ததும் சங்கம் வந்தது. எங்கள் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் வண்டி கழுவுதல் கூடாது என்றும், தரையில் எண்ணெய்க் கறை ஏற்படுத்துவோர் தம் செலவில் நீக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தெருவில் செய்யலாம் என்றால் காலையில் வாசலில் கோலம். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு புள்ளியில் விழுந்தால் எதிர்வீட்டு மாமி மாடியிலிருந்து பார்த்துவிடுவார். பிற்பகலில் வெயில். மாலையில் அந்த இடத்தில் கார். ஆகவே பிரக்ஞையுள்ள குரங்கு மரபினர் அதிகாலை ஐந்தரை மணிக்குப் பழைய செய்தித்தாளை விரித்து, பால்காரர் ஒருவரே சாட்சியாக, குற்றம் செய்கிறவர்போல எண்ணெயிட்டுக்கொண்டிருக்கிறார்கள். செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பு இதற்குச் சிறந்தது. தாள் கொஞ்சம் கனம்.

மேலாய்வுக்குரியவை

செயின் லாக் கழன்று விழும்போது அது ஏன் எப்போதும் சாக்கடை மூடியின் இடுக்கை நோக்கியே உருள்கிறது என்பது இயற்பியல் துறைக்கு விடப்படுகிறது. எண்ணெயிட்ட நாளன்றே மழை வருவது வானிலை ஆய்வுக்குரியது. வண்டி விற்பனைக்கு என்று அட்டை தொங்கவிடும் நாளில் மட்டும் செயின் பளிச்சென்று இருப்பது பொருளியலா ஒழுக்கவியலா என்று இரண்டு துறைகள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். களப்பணிக்கு வருவோர் ஆளுக்கொரு பழைய டூத் பிரஷ் கொண்டுவர வேண்டும். வீட்டில் இன்னும் பயன்பாட்டில் உள்ள பிரஷ்ஷைக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் கழுவித் திரும்ப அதே குவளையில் வைப்பது இந்த ஆய்வு நெறியில் தடை செய்யப்பட்டிருக்கிறது.